சொட்டு மருந்து விட்ட கண்ணிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள்

பினாங்கில் தனியார் கண் அறுவைச் சிகிச்சை மையங்கள் நடத்தும் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம்.

இந்த மடலை உங்கள் எல்லாருக்கும் பொதுவாகத்தான் எழுதுகிறேன். இது தங்களைப் பற்றியது என்று உங்களில் ஒருவருக்கு மட்டும் சீக்கிரமே தெரிந்துவிடும். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. மற்றவர்கள் "நல்லவேளை, நாமில்லை" என்று மூடிவைப்பதற்கு முன், உங்கள் மையத்தில் அந்த அறை இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். டாக்டரின் அறைக்கும் காசு கட்டும் முகப்புக்கும் நடுவில், சோபாவும் டிஷ்யூ பெட்டியும், மேசைமேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் கண்ணும் வைத்த சின்ன அறை.

அந்த மாதிரி ஓர் அறையில்தான் சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என் அம்மா ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன் அரை மணி நேர இடைவெளியில் மூன்று முறை அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். கண்மணியை விரிக்கும் மருந்து. விட்ட பிறகு நான்கைந்து மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், எழுத்து கலங்கும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்குத் தெரிந்த கையெழுத்து, தன் பெயரைத் தமிழில் ஒவ்வோர் எழுத்தாக எழுதுவது. உங்கள் பணிப்பெண் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் எழுதியிருக்கிறார். கடைசி இரண்டு எழுத்து கோட்டைவிட்டுக் கீழே இறங்கிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. நான் அப்போது முகப்பில் பரிசோதனைக் காசு கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது படிவம் கிளிப் அட்டையில் இருந்தது.

அம்மா எதற்காகக் கண்ணைக் காட்ட வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று உங்களில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவருக்கு வயது 66. பட்டர்வொர்த்தில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பூக்கடைக்குப் பூக்கட்டிக் கொடுக்கிறார். காசுக்காக என்பதைவிட, கை சும்மா இருந்தால் அவருக்கு உடம்புக்கு ஆகாது. ஒருநாள் வெள்ளைச் செவ்வந்தியையும் மஞ்சள் செவ்வந்தியையும் ஒரே கூடையில் போட்டு மாலை கட்டிவிட்டார். கடைக்காரம்மா சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை. அதற்கு முன்பே, இரவில் எதிரே வரும் மோட்டார் விளக்கு சிதறித் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்புரை முற்றும்போது கண்ணின் லென்ஸ் பழுப்பேறி, பார்ப்பதெல்லாம் மஞ்சள் படிந்தது போலத் தெரியும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஃபேஸ்புக்கில் உங்கள் விளம்பரம் வந்தது. மூத்த குடிமக்களுக்கு இலவசக் கண் பரிசோதனை, இம்மாதம் மட்டும். மருத்துவச் சேவை விளம்பரம் என்றால் மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் எண் இருக்க வேண்டும், கேகேஎல்ஐயு என்று தொடங்கும், அதைப் பார்க்க வேண்டும் என்ற புத்தி எனக்கு அன்று இல்லை. இன்று அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், எண்ணைக் காணோம். இலவசம் என்பது கண்ணில் காற்று ஊதிப் பார்க்கும் சோதனைக்கு மட்டும்தானாம். மற்றதுக்கெல்லாம் 280 வெள்ளி.

காலை 9.30க்கு நேரம் கொடுத்திருந்தீர்கள். பெயரைக் கூப்பிட்டது 12.10க்கு. தாமதம் எல்லா இடத்திலும் நடப்பதுதான், அரசாங்க மருத்துவமனையில் இதைவிட அதிகம் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் அம்மாவுக்கு 14 ஆண்டுகளாக இனிப்புநீர், அதாவது நீரிழிவு. பதிவுப் படிவத்தில் அந்தக் கட்டத்தில் நானே குறியிட்டேன். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று எந்தத் தாதியும் கேட்கவில்லை. பதினொன்றரைக்கு அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது. கீழே ஓடிப்போய் கோப்பிக் கடையில் ஒரு மைலோ வாங்கி வந்தேன். "இங்கே சாப்பிடக் கூடாதுங்க" என்று காவலாளி சொன்னார். சாப்பாடு இல்லை, குடிக்கத்தான் என்றேன். பாவம், அவர் பார்க்காதது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று உங்கள் கட்டடத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே மருத்துவ உதவி அதுதான்.

டாக்டர் பார்த்தது 4 நிமிடம். கடிகாரம் அவர் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது. "கண்புரை இருக்கு, ரெண்டு கண்ணும் செய்யணும், என்ன லென்ஸ்னு என் ஸ்டாஃப் விளக்குவாங்க." அவ்வளவுதான். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. முகத்தில் களைப்பு இருந்தது, வெளியே இன்னும் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் 4 நிமிடம் டாக்டரோடு, 50 நிமிடம் அந்தச் சின்ன அறையில். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த அறையில் இருந்த பெண் தமிழ்ப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். முதல் வார்த்தையே, "ஆண்ட்டி, பயப்படாதீங்க, என்னை உங்க மகளா நெனச்சுக்குங்க." அம்மாவுக்கு அதுவே போதும். அரை நாளாக மலாயும் ஆங்கிலமும் கேட்டுக் களைத்த காதுக்குத் தமிழ் வந்தால் மனசு இளகத்தானே செய்யும். எந்த ஊர், எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் விசாரித்தாள். ஆனால் கண்ணை வைத்து என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மட்டும் விசாரிக்கவில்லை.

புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைப் பொறுத்து விலை இப்படி: ஒரு கண்ணுக்குப் 'பேசிக்' லென்ஸ் 5,200 வெள்ளி. 'பிரீமியம்' லென்ஸ் 10,900. கத்தி வேண்டாம், லேசரில் செய்யலாம் என்றால் கண்ணுக்கு இன்னொரு 3,000. இரண்டு கண்ணுக்கும் எல்லாம் சேர்த்து 27,800. இன்றே 1,000 முன்பணம் கட்டினால் 2,500 தள்ளுபடி. நாளைக்கு வந்தால் இந்த விலை கிடைக்காது, அவள் கையில் இல்லையாம், சிஸ்டத்தில் போய்விடுமாம். கடன் அட்டையில் 12 மாதத் தவணை, வட்டி இல்லை. "அக்கா, உங்க இபிஎஃப்ல அக்காவுன் பிளெக்ஸிபல் இருக்கில்ல, அதுல எவ்ளோ இருக்கு?" என்று என்னைக் கேட்டாள். 2024 மே மாதம் சேமநிதியை மூன்று கணக்காகப் பிரித்து, அதில் ஒன்றை நினைத்த நேரத்தில் எடுக்கலாம் என்று அரசாங்கம் ஆக்கியபோது, அது எதற்காக என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அன்று எனக்கு விடை கிடைத்தது.

நான் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறவள். நாளெல்லாம் விலைப்பட்டியல்தான் என் கண் முன்னால் ஓடும். ஒரு கொள்கலனை பினாங்குத் துறைமுகத்திலிருந்து ஏற்ற வேண்டுமென்றால்கூட ஏற்றுக்கூலி, ஆவணக் கட்டணம், சேமிப்பு என்று தனித்தனி வரி போட்டுத்தான் வாடிக்கையாளருக்கு அனுப்புவோம். அன்று என் அம்மாவின் கண்ணுக்குக் கிடைத்த விலைப்பட்டியலில் ஒரே ஒரு வரி. 'பேக்கேஜ்'. டாக்டர் கட்டணம் எவ்வளவு, லென்ஸ் எவ்வளவு, அறுவைக்கூடம் எவ்வளவு என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் உள்ளடக்கம்தாங்க அக்கா" என்றாள். நான் பேனாவை எடுத்ததும் அவள் குரல் மாறியது. "கண்ணுக்குப் போய் கணக்குப் பார்க்கலாமா?"

இந்த ஒரு வரியை யார் எழுதிக் கொடுத்தது? அவளாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அவ்வளவு சரியாக, சரியான நேரத்தில் வந்து விழுந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தார். பார்த்தார் என்ன, என் முகம் இருக்கும் பக்கம் திரும்பினார். மகளின் காசு கரைகிறதே என்ற சங்கடம் ஒரு பக்கம், மகள் எல்லார் முன்னாலும் கஞ்சத்தனமாகத் தெரிகிறாளே என்ற சங்கடம் இன்னொரு பக்கம். அப்புறம் அந்தப் பெண் சொன்னாள்: "ரொம்ப நாள் விட்டா பழுத்துப்போயிடும் ஆண்ட்டி, அப்புறம் கண்ணே போயிடும்." நான் எழுந்து பரிசோதனைக் காசு கட்டப் போனேன். திரும்பி வந்தால் கையெழுத்து முடிந்திருந்தது. நானும் முன்பணம் 1,000 வெள்ளியைக் கார்டில் தேய்த்துவிட்டுத்தான் வந்தேன். அதை மறைக்கப் போவதில்லை. கணக்கு தெரிந்தவளுக்கே அந்த அறையில் கணக்கு வரவில்லை.

திரும்பும்போது அம்மா ஃபெரியில்தான் போக வேண்டும் என்றார், பாலம் வேண்டாமாம். இரண்டு மணி வெயில். கடல் முழுக்கத் தகரம் விரித்தது போல மின்னியது. மணி விரிந்த கண்ணோடு ஒரு கிழவியை அனுப்புகிறோமே, ஒரு காகிதக் கறுப்புக் கண்ணாடியாவது கொடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. அம்மா சேலைத் தலைப்பை இரண்டாக மடித்துக் கண்ணில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கரை வந்து சேரும்வரை தலைப்பை எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர், அழுகிறார் என்று நினைத்து என்னிடம் கையால் என்னவென்று கேட்டார்.

வீட்டில் வந்து படிவத்தைப் படித்தேன். பின்பக்கம், சின்ன எழுத்தில், முன்பணம் திருப்பித் தரப்படாது என்று இருந்தது. அப்போதிலிருந்து மூன்று நாளில் வாட்ஸ்அப்பில் 11 செய்திகள். தேதி உறுதி செய்யுங்கள், இடம் நிரம்புகிறது, டாக்டர் விடுமுறையில் போகிறார். ஒரு பூங்கொத்துப் படம். 'அன்னையின் பார்வை விலைமதிப்பற்றது' என்று ஒரு வாசகம். விலை போட்டவர்களே அப்படி அனுப்பினால் என்ன செய்வது?

அண்ணன் மகள் மருந்தகத்தில் வேலை செய்கிறாள். அவள்தான் முதலில், "அத்தை, பாட்டிக்கு விழித்திரையில ஏதோ இருக்குன்னு கிளினிக் கெசிஹாத்தான்ல சொன்னாங்களே, அதைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். இனிப்புநீர்க்காரர்களுக்கு அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அதில் லேசான மாற்றம் இருப்பதாகச் சீட்டில் எழுதியிருந்தது. அந்தச் சீட்டை நான் உங்கள் முகப்பில் கொடுத்தேன். கோப்பில் சொருகினார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

சரி, உங்கள் பிரீமியம் லென்ஸைப் பற்றிப் பேசுவோம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ் என்றால், அது உள்ளே வரும் வெளிச்சத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. பங்கு போட்டால் குறையத்தான் செய்யும். மங்கலான இடத்தில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் திறன் கொஞ்சம் குறைகிறது, இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். விழித்திரை நன்றாக இருப்பவர்களில் பலருக்கு இது ஒரு பொருட்டில்லை, கண்ணாடியைத் தூக்கிப் போட்ட மகிழ்ச்சியில் அதை மறந்துவிடுகிறார்கள். அந்த லென்ஸை மோசம் என்று சொல்ல நான் யார்? ஆனால் இனிப்புநீரால் விழித்திரை தொட்டுப்போன கண்ணுக்கு அதைப் போடுவதற்கு முன் மிகவும் யோசிக்க வேண்டும் என்பது கண் மருத்துவத்தில் பாலபாடம். நம் நாட்டில் இனிப்புநீர் என்ன அபூர்வமா? 2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இருந்தது. இந்தியர்களிடையே அதைவிட மிக அதிகம். உங்கள் சோபாவில் உட்காரும் தமிழ் ஆண்ட்டிகளில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்த 3,000 வெள்ளி லேசரையும் அண்ணன் மகள் தேடிப் பார்த்தாள். பிரான்ஸில் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இரண்டு முறையையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2020இல் லேன்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. லேசர் உதவியோடு செய்ததற்கும், வழக்கமான அல்ட்ராசவுண்ட் முறையில் செய்ததற்கும் பலனில் சொல்லும்படி வேறுபாடு இல்லை, செலவுதான் கூடுதல். அந்த அறையில் 'கத்தி' என்ற சொல்லை அந்தப் பெண் சொன்னபோது அம்மா கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வழக்கமான முறையில் போடும் கீறலே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

'பேசிக்' என்று நீங்கள் பெயர் வைத்திருக்கும் லென்ஸுக்காகவும் ஒரு வார்த்தை. போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சிதறிக் கண்ணில் ஏறிய விமானிகளைப் பார்த்த ஹரோல்ட் ரிட்லி என்ற டாக்டர், அந்தத் துண்டைக் கண் ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கிறதே என்று யோசித்து, 1949 நவம்பரில் லண்டனில் முதல் செயற்கை லென்ஸை வைத்தார். அந்த வழியில் வந்ததுதான் இந்த ஒற்றைப் பார்வை லென்ஸ், ஒரு தூரத்தை மட்டும் தெளிவாகக் காட்டுவது. எத்தனையோ கோடிப் பேர் அதை வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டார்கள். அதைப் போட்டால் "ஊறுகாய் போத்தல் லேபிள்கூடப் படிக்க முடியாது" என்று உங்கள் ஆள் சொன்னாள். படிப்பதற்கு ஒரு கண்ணாடி போட்டால் படிக்கலாம். கண்ணாடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. பூக்கட்டும்போது மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி, அதன் காலில் ஒரு பூநூல் சுற்றியிருக்கும். அது அவருக்கு அழகு.

சுகாதார கிளினிக்கில் கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். அங்கேயும் உட்கார்ந்தோம், நிறையவே. ஆனால் உள்ளே இருந்த டாக்டர், சின்ன வயசு மலாய்ப் பெண், முதலில் கேட்டது: "மக்சிக், நாள் முழுக்க என்ன வேலை செய்வீங்க?" அம்மா மலாயில் பதில் தேடி, கிடைக்காமல், இரண்டு கையையும் தூக்கி விரல்களால் காற்றில் பூக்கட்டிக் காட்டினார். இரண்டு பூ, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. அந்த டாக்டர் சிரித்துவிட்டு அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். விழித்திரையை முதலில் கவனிப்போம், அப்புறம் இடது கண் செய்யலாம், வலது கண் பொறுக்கும் என்றார். ரொம்ப நாள் விட்டால் கண் போய்விடுமா என்று கேட்டேன். ஆண்டுக்கணக்கில் விட்டால் புரை கெட்டியாகி அறுவை சிரமமாகும், சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறி ஆபத்தாகும், அதற்காகச் சில மாதங்களில் எதுவும் ஓடிப்போய்விடாது என்றார். நீங்கள் நாளை மாலைக்குள் தீர்ந்துவிடும் என்று சொன்ன கண்ணுக்கு இவர் நான்கு மாதம் தவணை கொடுத்தார். இடது கண் ஒற்றைப் பார்வை லென்ஸோடு நல்லபடியாக ஆகிவிட்டது.

இனி காசு விஷயம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. தொலைபேசியில் மேலாளர் கூட்டத்தில் இருந்தார், எப்போது அழைத்தாலும் கூட்டத்தில் இருந்தார். நேரில் வந்தேன். ஏழு வாரம் கழித்து 800 வந்தது. 200 வெள்ளி நிர்வாகச் செலவாம். என்ன நிர்வாகம் செய்தீர்கள் என்று இன்றுவரை விவரம் இல்லை. அம்மாவின் கண் அளவு எடுத்த அறிக்கையைக் கேட்டேன், அதற்குத்தான் 280 வெள்ளி கட்டியிருந்தேன். அறுவை எங்களிடம் செய்தால்தான் தருவோம் என்றார்கள். நோயாளி தன் மருத்துவ அறிக்கையைக் கேட்டு வாங்கலாம் என்பது உங்கள் முகப்பில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். அலுவலகத்தில் ஒருவர் கைப்பேசிக்காக அங்கே போய் ஜெயித்து வந்திருக்கிறார். பார்த்தால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவையை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. கைப்பேசித் திரை உடைந்தால் கேட்கலாம், கண் என்றால் கேட்க முடியாது. மருந்தகத்திலும் கிளினிக்கிலும் மருந்து விலையை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2025 மே 1 முதல் உத்தரவு வந்தது. ஆனால் அது மருந்துக்குத்தான். பாராசிட்டமால் விலை சுவரில் இருக்கும், 10,900 வெள்ளி லென்ஸின் விலை மட்டும் அந்தப் பெண்ணின் வாயில் இருக்கும். டாக்டரின் கட்டணத்துக்காவது தனியார் மருத்துவ நிலையங்களுக்கான 2006ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஓர் உச்சவரம்பு அட்டவணை உண்டு. மருத்துவமனை வேறு பெயர்களில் போடும் கட்டணங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. 'பேக்கேஜ்' என்று ஒரே வரியில் எழுதுவதன் சூட்சுமம் ஒரு கணக்காளினிக்குப் புரியாதா?

ஒரு கதவு மிச்சம் இருக்கிறது. தனியார் மருத்துவ நிலையங்களுக்கான 586ஆம் சட்டப்படி நோயாளிகளின் குறைகளைக் கேட்டுத் தீர்க்க உங்களிடமே ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் புகார் செய்யலாம். என் புகார் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். 200 வெள்ளிக்காக மட்டும் இந்த மடலை எழுதவில்லை. மற்றவர்களிடமும் சேர்த்து ஒன்று கேட்கத்தான்.

எங்கள் அலுவலகத்துக்கு வரும் வழக்கறிஞர் ஒருவர் ஒரு வழக்கைச் சொன்னார். ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்மணிக்கு ஒரு கண் சின்ன வயதிலிருந்தே பார்வை இல்லை. அந்தக் கண்ணை அறுவை செய்த பிறகு, அதன் விளைவாக நல்ல கண்ணும் போய்விட்டது. அப்படி நடப்பது 14,000இல் ஒருமுறைதான். ஆனால் அந்தப் பெண்மணி நல்ல கண்ணுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார், டாக்டர் அதைச் சொல்லவில்லை. 1992இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அந்தப் பெண்மணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நோயாளிக்கு எது முக்கியமோ அதை டாக்டர் சொல்ல வேண்டும் என்ற அந்த வழியையே நம் கூட்டரசு நீதிமன்றமும் பின்னர் ஏற்றுக்கொண்டது. டாக்டர் சொல்ல வேண்டும். சோபா அறையில் இருக்கும் பெண் இல்லை.

அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு வேலையைவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாளில் அந்த மாதத்து எண்கள் எழுதியிருந்தன, இலக்கு ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம். தலைகீழாகப் பார்த்தாலும் எண்ணைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவளுக்கு இன்னும் ஆறு குறைந்தது. தன்னை மகளாக நினைக்கச் சொன்ன பெண்ணுக்கு நாங்கள் ஏழாவது எட்டாவது ஆண்ட்டி. லென்ஸ் விற்றால் அவளுக்குத் தனியாகக் காசு உண்டா? உண்டு என்றால் அதைச் சுவரில் எழுதி வையுங்கள், நாங்கள் அதற்கேற்ப அவள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறோம்.

கண்ணில் சொட்டு மருந்து விட்ட அன்று விலை பேசாதீர்கள். நான் கேட்பதில் பெரியது இதுதான். காற்று ஊதுங்கள், படம் எடுங்கள், அளவு எடுங்கள். டாக்டர் இன்ன கண்ணுக்கு இன்ன லென்ஸ், இன்ன காரணம் என்று தன் கையால் இரண்டு வரி எழுதட்டும். விலையைத் தனித்தனி வரியாகப் போட்டு, அந்த நோயாளி படிக்கிற மொழியில், உறையில் வைத்து வீட்டுக்கு அனுப்புங்கள். விரிந்த மணி சுருங்கட்டும், சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கட்டும். அடுத்த வாரம் வந்தாலும் அதே விலை என்று அதில் எழுதியிருக்கட்டும். வருகிறவர் வருவார். உங்கள் டாக்டர்களின் கைத்திறமையை நான் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை, இந்தோனேசியாவின் மேடானிலிருந்து விமானம் ஏறி இந்தத் தீவுக்கு வைத்தியம் பார்க்க வருகிறார்கள் என்பது எனக்கும் பெருமைதான். அவ்வளவு திறமை இருக்கும் இடத்துக்கு 'இன்று மட்டும்' என்ற அட்டை எதற்கு? அது இரவுச் சந்தையில் கடை மூடும் நேரத்தில் மீனுக்கு வைக்கிற அட்டை.

உங்களில் யாராவது ஏற்கெனவே இப்படித்தான் நடத்துகிறீர்கள் என்றால் என்னை மன்னியுங்கள், முகவரியையும் அனுப்புங்கள். அம்மாவின் வலது கண் இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்த ஒருவருக்கு: 200 வெள்ளியின் விவரத்தையும், கண் அளவு அறிக்கையையும் அம்மாவின் பெயருக்கே அனுப்புங்கள். தமிழில் எழுதுங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். இடது கண்ணால் அவரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மகள்